பள்ளியில் வலிப்பு மாத்திரை: சட்டம் எங்கே நிற்கிறது, பெற்றோர் எதை எழுதித் தர வேண்டும்

"மாத்திரையெல்லாம் நாங்க குடுக்க மாட்டோம்மா. ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளையைப் பள்ளியில் விடும் பெற்றோர் பலர் கேட்டிருக்கும் பதில் இது. சொல்பவர் ஈரமில்லாதவர் அல்ல, பயந்தவர். தன் கையால் கொடுத்த மாத்திரையால் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் போலீஸ் ஸ்டேஷன், விளக்கக் கடிதம், சஸ்பென்ஷன் என்று அலைய நேருமோ என்பது அவர் கவலை. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது, அதைப் போக்கப் பெற்றோர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளியில் வலிப்பு மருந்து கொடுப்பதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. கொடுக்கக் கூடாது என்று தடுக்கும் பிரிவும் இல்லை. கொடுத்தே தீர வேண்டும் என்று ஒரு தனி ஆசிரியரை நிர்ப்பந்திக்கும் பிரிவும் இல்லை. நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பொதுச் சட்டங்கள் சிலவும், பெற்றோர் எழுதித் தரும் ஒரு தாளும் சேர்ந்துதான் நிரப்புகின்றன. அந்தத் தாள் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பள்ளியில் மாத்திரை கொடுப்பது ஒன்றும் புதிதல்ல. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் வந்தால் அல்பெண்டசோல் மாத்திரையை வகுப்பறையிலேயே ஆசிரியர்கள்தான் கொடுத்து மெல்லச் சொல்கிறார்கள். வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பவர்களும் அவர்களே. அரசு சொல்லிக் கொடுக்கும் மாத்திரைக்கும் ஒரு தாய் எழுதிக் கேட்கும் மாத்திரைக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம், முன்னதற்கு எழுத்தில் ஓர் உத்தரவு இருக்கிறது என்பதுதான். பின்னதற்கும் எழுத்து வந்துவிட்டால் பாதிப் பயம் குறையும்.

(இங்கேயே ஒரு எச்சரிக்கை. மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்து அதனால் வலிப்பு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அல்பெண்டசோல் வலிப்பைத் தூண்டக்கூடும். வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைக்குக் குடற்புழு மாத்திரை தரலாமா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலைப் பள்ளிக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.)

விம்கோ நகரில் இது ஏன் பெரிய விஷயம்

மாத்திரை பள்ளி நேரத்துக்குள் வந்து விழுவதற்கு ஊரின் வேலை நேரமும் ஒரு காரணம். வடசென்னையில், தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகரிலும், அதைச் சுற்றியுள்ள திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலும் ஷிப்டு பார்க்கும் வீடுகள் அதிகம். கன்டெய்னர் யார்டில் இரவு வேலை முடித்து அப்பா காலையில்தான் திரும்புவார். காசிமேட்டில் மீன் எடுக்கப் போகும் அம்மா விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். காலை மாத்திரையை உணவுக்குப் பிறகுதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளை சாப்பிடுவதோ பள்ளியில். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் வயிற்றை நிரப்புகிறது. அதோடு, வீட்டில் விழுங்க வேண்டிய மாத்திரையைப் பள்ளி வாசலுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. காலை எட்டரை மணிக்குப் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டு முடிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, "இப்போ உன் மாத்திரை" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்ப வருவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று வேளை தவறுவதுதான். ஒழுங்காக மருந்து எடுத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காடு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வாய்ப்பைக் காலை எட்டரை மணிக்கு யார் நினைவூட்டுவது என்ற குழப்பத்தில் இழந்துவிடக் கூடாது.

ஆகவே பள்ளிக்குப் போவதற்கு முன் பெற்றோர் போக வேண்டிய இடம் டாக்டரின் அறை. "இந்த மருந்தைக் காலையும் இரவும் மட்டும் கொடுத்தால் போதுமா? நேரத்தை மாற்றலாமா? மெதுவாகக் கரையும் வகை இதில் உண்டா?" என்று கேட்க வேண்டும். வால்புரோயேட், கார்பமசெபைன், லெவெட்டிரசெட்டம் போன்ற மருந்துகளைப் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளையாகக் கொடுக்க முடிகிறது. மதிய வேளை மாத்திரை பல பிள்ளைகளுக்குத் தேவைப்படாமலே போகலாம். பள்ளி நேரத்துக்குள் வராத மருந்துக்கு அனுமதியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஆனால் பெற்றோர் தாமாகவே வேளையை மாற்றவோ நிறுத்தவோ கூடவே கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வரை போய், அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். ஸ்டான்லி மருத்துவமனை இன்னும் அருகில் இருக்கிறது. எந்த இடமானாலும் சீட்டில் மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம் மூன்றும் படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியே வர வேண்டும்.

கொடுப்பவரைக் காக்கும் பிரிவுகள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் 88, 89, 92 ஆகிய பிரிவுகள் புதியதில் 26, 27, 30 ஆகியிருக்கின்றன. பள்ளிக்கு உதவுபவை இந்த மூன்றும்தான்.

12 வயதுக்குக் குறைந்த குழந்தையின் நன்மைக்காக, பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்த செயலால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்பது 27-ஆம் பிரிவின் சாரம். 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 26-ஆம் பிரிவு பொருந்தும். அங்கே பிள்ளையின் சம்மதமும் கணக்கில் வருகிறது. எனவே ஏழாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்துக்குக் கீழே பிள்ளையும் ஒரு கையெழுத்துப் போடுவது நல்லது. சம்மதம் கேட்க நேரமே இல்லாத அவசரத்தில், பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குப் பாதுகாப்பு தருவது 30-ஆம் பிரிவு.

நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் பொருளை இங்கே மறக்கக் கூடாது. உரிய கவனம் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. அட்டையில் உள்ள பெயரைப் படிக்காமல், யாருடைய மாத்திரை என்று பார்க்காமல் கொடுத்துவிட்டு, நல்லதுக்காகத்தான் கொடுத்தேன் என்று சொன்னால் செல்லாது. பெயரைப் படித்து, அளவைச் சரிபார்த்து, நேரத்தைக் குறித்துக் கொடுத்தவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு.

உதவி செய்பவரைக் காக்கும் சட்டம் என்று பலரும் நினைவில் வைத்திருப்பது வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு அது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரை மட்டுமே அது காக்கும். வகுப்பறையில் விழும் பிள்ளைக்கு அது பொருந்தாது. தலைமை ஆசிரியரிடம் பேசும்போது இந்தச் சட்டத்தைக் காட்டாமல் மேலே சொன்ன மூன்று பிரிவுகளைக் காட்ட வேண்டும்.

"மருந்து கொடுத்தால் நாங்கள் டாக்டர் வேலை பார்த்ததாகிவிடாதா?" என்ற கேள்வியும் வரும். நோயைக் கண்டுபிடித்து மருந்தைத் தீர்மானித்தவர் மருத்துவர். வாங்கித் தந்தவர் பெற்றோர். குறித்த நேரத்தில் எடுத்துக் கொடுப்பது வீட்டில் பாட்டி செய்யும் வேலைதான். வரம்பு மீறும் இடம் வேறு. பெற்றோர் எழுதித் தராத ஒரு மாத்திரையை, பாரசிட்டமால் என்றாலும், ஆசிரியர் தாமாகவே கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வலிப்புள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதும் தாளில் இருந்தால் அந்தச் சிக்கலும் வராது.

ஒன்றும் செய்யாமல் இருந்தால்?

கொடுத்தால் யார் பொறுப்பு என்று கேட்கும் பள்ளி, செய்யாமல் விட்டால் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1995 மே மாதம் பஞ்சாபில் ஒரு தனியார் பள்ளி சுற்றுலா அழைத்துப் போன பிள்ளைகளில் 14 பேர் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிள்ளைகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஆசிரியர்களின் கவனக் குறைவுக்குப் பள்ளியும் பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. கும்பகோணம் தீ விபத்தைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அதையொட்டி எழுந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009-ல் வந்த தீர்ப்பு, கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடக்கம் என்றது. இரண்டும் வலிப்பு நோய் வழக்குகள் அல்ல. ஆனால் பள்ளி நேரத்தில் பிள்ளை யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே பதிலைத்தான் தருகின்றன.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்து அதற்குத் தேவையற்ற துன்பம் நேரச் செய்பவருக்குத் தண்டனை விதிக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகள், மாணவருக்கு மருத்துவ உதவி கிடைக்கத் தாமதமாவதையும் நிர்வாகத்தின் அலட்சியங்களில் ஒன்றாகக் கணக்கிடுகின்றன. "பள்ளி எந்தப் பொறுப்பும் ஏற்காது" என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அலட்சியத்தால் வரும் குற்றப் பொறுப்பு அப்படி ஒரு கையெழுத்தால் நீங்கிவிடாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதை விட, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுவதுதான் இருவருக்கும் நல்லது.

வடசென்னைப் பள்ளிகளுக்கு மருத்துவ அவசரம் ஏட்டில் மட்டும் இருக்கும் விஷயமல்ல. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவிப் பல மாணவிகள் மயக்கமும் மூச்சுத் திணறலுமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் எந்தப் பிள்ளைக்கு என்ன நோய், யார் எந்த மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதை அலுவலக அறையில் ஒரு கோப்பைத் திறந்தால் சொல்ல முடிய வேண்டும்.

சேர்க்க மறுத்தால், டிசி வாங்கச் சொன்னால்

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். சேர்க்கையின்போது பிள்ளையைத் தேர்வு வைத்து வடிகட்டுவதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு நீக்குவதை 16-ஆம் பிரிவு தடுக்கிறது. மனரீதியான துன்புறுத்தலை 17-ஆம் பிரிவு தடுக்கிறது. "ஃபிட்ஸ் வர்ற பொண்ணு" என்று மற்ற பிள்ளைகள் முன்னால் அடையாளப்படுத்துவதும், வலிப்பு வந்த மறுநாள் "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று டிசியை நீட்டுவதும் இந்தப் பிரிவுகளோடு மோதுகின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இன்னும் வலுவான கருவி, ஆனால் ஒரு தடை இருக்கிறது. அதன் 21 வகைப் பட்டியலில் வலிப்பு நோய் என்ற பெயர் இல்லை. வலிப்போடு மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகள் அந்த வகைகளின் கீழ் சான்று பெறலாம். வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைக்கு நேரடியான வழி கிடையாது. இருந்தாலும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. விகாஸ் குமார் என்ற தேர்வரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள அவருக்கு, குறைபாடு 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற அளவுகோலைக் காட்டி உதவி எழுத்தரை மறுத்தது தவறு. தேவைக்கேற்ற நியாயமான வசதி என்பது 40 விழுக்காட்டுச் சான்று உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றது தீர்ப்பு. நீண்ட காலக் குறைபாட்டால் பள்ளியில் முழுமையாகப் பங்கேற்க முடியாத பிள்ளைக்கு, நேரத்துக்கு மாத்திரை கிடைப்பதும் அப்படிப்பட்ட வசதிதான் என்று வாதிட இந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. வாதத்துக்கு இடம் இருக்கிறது என்பதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல முடியாது.

சர்க்கரை நோய்ப் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பாதையில் முன்னே போய்விட்டார்கள். டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் வகுப்பிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் இடம் தர வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. 2023 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு அதைப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தலாகவே அனுப்பியது. வலிப்பு நோய்க்கும் அப்படி ஒரு பக்க அறிவுறுத்தல் தமிழ்நாட்டில் வருவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. கேட்பதற்குக் குரல்கள்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், நோயுள்ள மாணவருக்குத் துணை ஏற்பாடு செய்வதைப் பள்ளி நிர்வாகத்தின் கடமையாக்கியது. தனி ஆசிரியர் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் ஆள் இல்லை என்று நிர்வாகம் கைவிரிக்கவும் முடியாது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் 2018-ல், வலிப்பு அவசர மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கடமையைத் தனி மனிதர் மேல் சுமத்தாமல் நிறுவனத்தின் மேல் வைத்ததுதான் இரண்டிலும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது. தலைமை ஆசிரியரிடம் பேசும்போது, "நீங்களே கொடுங்க" என்று கேட்பதைவிட "யார் கொடுப்பாங்கன்னு நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க சார்" என்று கேட்பது பலன் தரும்.

கடிதம்

வாயால் சொன்ன சம்மதம் வாசலோடு போய்விடும். கீழே உள்ளதை அப்படியே கையால் எழுதினாலும் போதும், தட்டச்சு வேண்டாம்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, என் மகள் ______, ____-ஆம் வகுப்பு. அவளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ______ மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறாள். மருத்துவர் எழுதிய சீட்டின் நகலை இணைத்துள்ளேன். பள்ளி நாட்களில் காலை உணவு முடிந்ததும் ______ மாத்திரை, ____ மில்லிகிராம், ஒன்று தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வலிப்பு வந்து 5 நிமிடத்தில் நிற்காவிட்டால், மருத்துவர் எழுதியுள்ள அளவில் ______ மருந்தை மூக்கில் அடிக்கவும், 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் சம்மதிக்கிறேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். என் எண் ______. நான் எடுக்காவிட்டால் ______ எண்ணில் அவளுடைய அத்தையிடம் சொல்லவும். மருந்தோ அளவோ நேரமோ மாறினால் புதுக் கடிதம் தருவேன். இந்தச் சம்மதம் ______ கல்வியாண்டுக்கு மட்டும்."

"எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்ற வரி முக்கியம். யார்டில் வேலை பார்ப்பவரால் எல்லா நேரமும் போனை எடுக்க முடியாது. பெற்றோர் வரட்டும் என்று பள்ளி காத்திருந்த நிமிடங்கள் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காது.

இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து கொடுப்பவர் யார், அவர் லீவு போட்டால் அடுத்தவர் யார் என்ற இரண்டு பெயர்களையும் பள்ளி அதிலேயே எழுதினால் இன்னும் நல்லது. இந்தத் தாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மருந்தை ஒப்படைக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளில் மாத்திரை அட்டையை எண்ணிக்கைக்கு ஏற்ப வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் இன்னொருவர் வாங்கிய துண்டில் போய்விடும். பெயர் உள்ள துண்டாகக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் மருந்தாளுநரிடமே உறையின் மேல் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு ஒரு வாரத்துக்கானதை எண்ணிக் கொடுத்தால் போதும். கொடுக்கும்போதும் எண்ணிக்கை, திங்களன்று மீதி பார்க்கும்போதும் எண்ணிக்கை. பள்ளி ஒரு சிறு நோட்டில் தேதி, நேரம், மருந்து, கொடுத்தவரின் கையெழுத்து நான்கையும் குறித்து வரட்டும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், உரிய கவனத்தோடுதான் கொடுத்தோம் என்பதற்கு அந்த நோட்டே சாட்சி.

பிள்ளையின் பையிலேயே மாத்திரையைப் போட்டு அனுப்பும் வழக்கத்தைச் சின்ன வகுப்புகளுக்குத் தவிர்ப்பது நல்லது. பக்கத்து இருக்கைப் பிள்ளை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஐந்து நிமிடங்கள்

வேளா வேளைக்குப் போடும் மாத்திரையை விடப் பள்ளிகள் அதிகம் பயப்படுவது அவசர மருந்துக்குத்தான். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். நிற்காமல் 5 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும். அப்போது கொடுப்பதற்காகவே மிடசோலம் மருந்தை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். எத்தனை முறை அடிப்பது என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது. போன வருடம் எழுதிய அளவு இந்த வருடத்துக்குப் போதாமல் போகலாம், ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எடை பார்த்துச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

மிடசோலம், மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளில் அட்டவணை எச்1-இல் இருப்பது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போதை தரக்கூடிய மருந்துகளின் பட்டியலிலும் அது வருவதால், பள்ளியில் வைக்கும் ஸ்பிரேயோடு மருத்துவர் சீட்டின் நகல் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் எழுதிய ஒரு டப்பாவில் இரண்டையும் போட்டு, வெயில் படாத இடத்தில், மற்ற பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கலாம். ஆனால் பூட்டி வைத்துச் சாவியை ஒருவரே வீட்டுக்கு எடுத்துப் போகும் ஏற்பாடு வேண்டாம். அவர் லீவு எடுக்கும் நாளில்தான் தேவைப்படும்.

வலிப்பு வந்ததும் செய்ய வேண்டியது என்ன? கடிகாரத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மடித்த துப்பட்டாவோ பையோ வைத்து, சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்த வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் போகக் கூடாது. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, செருப்பையோ வெங்காயத்தையோ மூக்கில் காட்டுவது எல்லாம் இன்றும் நடக்கின்றன. ஓர் இரும்புத் துண்டாலும் எந்த வலிப்பும் நிற்பதில்லை; தானாக நிற்கும் வலிப்பை இரும்பு நிறுத்தியதாக நம்பிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கை, மருந்து கொடுக்க வேண்டிய நிமிடங்களை விழுங்கிவிடுகிறது.

ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பிரே. உடனே 108. அதற்குப் பிறகு மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் முறையாக வலிப்பு வரும் பிள்ளை, நினைவு திரும்பாமலேயே மறுபடி வலிப்பு வரும் பிள்ளை, விழுந்ததில் அடிபட்ட பிள்ளை என்றால் ஐந்து நிமிடத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். விம்கோ நகரிலிருந்து ஸ்டான்லி ஒன்பது, பத்துக் கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். அதனாலேயே இந்தப் பகுதிப் பள்ளிகளில் ஸ்பிரே இருப்பது மற்ற இடங்களை விட அவசியம்.

பள்ளி வேன் ஓட்டுநருக்கும், சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியருக்கும் இதே தாளின் ஒரு நகல் போக வேண்டும்.

மறைக்கும் வீடுகள்

எத்தனையோ பெற்றோர் பள்ளிக்குச் சொல்வதே இல்லை. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே தூபம் போட்டது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயும் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் திருத்தம் பல வீடுகளின் காதுக்கு எட்டவில்லை.

சொல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் யாரும் மாத்திரை கொடுக்க முடியாது, ஸ்பிரே வைத்திருக்க முடியாது. கூச்சமாக இருந்தால் தலைமை ஆசிரியர், வகுப்பு ஆசிரியர் இருவரிடம் மட்டும் சொன்னால் போதும். ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும்போது தேடும் நோய்களில் வலிப்பும் ஒன்று. அந்தக் குழுவிடம் சொன்னால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள்.

எங்கே புகார் செய்வது

முதலில் பள்ளிக்குள்ளேயே. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. கூட்டத்தில் பேசி, அவசர மருந்து வைப்பது பற்றித் தீர்மானமாகவே எழுத வைக்கலாம். பெற்றோர் குழுவின் தீர்மானம் கையில் இருக்கும் ஆசிரியருக்குத் தைரியம் வேறு விதம். தனியார் பள்ளிக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. அங்கே கடிதத்தின் முத்திரையிட்ட பிரதிதான் ஆதாரம்.

அதற்கும் அசையாவிட்டால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். விம்கோ நகருக்கு அது சென்னை மாநகராட்சி. அந்த முடிவில் திருப்தி இல்லாவிட்டால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். மாற்றுத்திறனாளிச் சான்று உள்ள பிள்ளை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் போகலாம்.

ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இவை எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் மாத்திரை நேரமும் மாறக்கூடும். கோடை விடுமுறையிலேயே டாக்டரைப் பார்த்து, புது எடைக்கு ஏற்ற சீட்டை வாங்கி, பழைய பள்ளியில் இருக்கும் டப்பாவையும் நோட்டின் நகலையும் திரும்பப் பெற்று, சேர்க்கை விண்ணப்பத்தோடு புதுக் கடிதத்தையும் கொடுத்துவிட வேண்டும். 14 வயதுக்கு மேல் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்காது என்பதால், ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கும்போது இந்தத் தாளுக்கு இன்னும் மதிப்பு கூடுகிறது.